பன்னிரண்டரை அங்குலம்

மொன்றியல்
யூன் 8

அன்புத் தங்கச்சி இந்திராதேவிக்கு,

அண்ணன் தியாகலிங்கம் எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். உன் அண்ணி நல்லம்மா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். உன் சுகத்தையும் மச்சான் சீனித்தம்பியின் சுகத்தையும் எழுது. போன் எடுத்தால் சிக்னல் இல்லை என்கிறாய். சிக்னல் இருக்கிற நாளில் இரண்டு பேரும் சண்டை பிடித்துவிட்டு வைக்கிறோம். அதனால்தான் கடிதம்.

சுற்றி வளைக்காமல் விசயத்துக்கு வருகிறேன். பார்க் எக்ஸ்டென்ஷனில் என் கட்டடத்தின் கீழ்த்தட்டு வீடு இந்த மாதக் கடைசியில் காலியாகிறது. படி ஏறத் தேவையில்லை. மெற்றோவும் கடைகளும் நடை தூரம். நீங்கள் இருவரும் சென்னத்தேரில் வைத்திருந்த கடையையும் விற்றாயிற்று. ரயிலில் ஒரு பகல் முழுக்க வடக்கே போனால் வருகிற அந்தக் காட்டில், ஏரிக்கரையில் குந்தியிருந்து இனி என்ன செய்யப் போகிறீர்கள்? ஊரே வீடு மாறுகிற யூலை முதலாம் தேதி தாண்டி வீட்டைக் காலியாக வைத்திருப்பவனை இந்த நகரத்தில் பைத்தியம் என்பார்கள். உனக்காக ஒக்டோபர் முடியும்வரை அந்தப் பெயரை வாங்கிக்கொள்கிறேன். அதற்குள் வந்து சேருங்கள்.

மச்சானுக்கு என் அன்பைச் சொல்.

அன்புடன்,
அண்ணன்


சென்னத்தேர்
யூன் 29

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. முழங்காலுக்குச் சூடு பிடியுங்கள், கடைக்குள் நாள் முழுக்க நிற்காதீர்கள். இவர் சுகம். நன்றாகச் சாப்பிடுகிறார், நித்திரையும் கொள்கிறார்.

வீட்டு விசயத்தில் நீங்கள் அவசரப்படுகிறீர்கள். எங்களுக்கு இந்த இடம் பிடித்திருக்கிறது. அதை விட எனக்கு உங்களால் ஒரு உதவி ஆகவேண்டும். இவருடைய வேட்டைத் துவக்கு வாகனத்தின் பின்பெட்டியிலிருந்து விழுந்துவிட்டது. குழாய்க்கு ஒன்றுமில்லை. குழாயைத் தாங்குகிற மரப்பிடி, கை பிடிக்கிற ஒடுங்கிய இடத்தில் வெடித்துப்போய்விட்டது. பக்கத்து வீட்டு அக்னெசை உங்களுக்குத் தெரியும்தானே, பிறந்ததிலிருந்து இந்தக் காட்டில் வேட்டையாடுகிறவள். பசை வைத்து ஒட்டலாம், ஆனால் ஒட்டின பிடிக்குப் பின்னால் தன் முகத்தை வைக்கமாட்டேன் என்கிறாள். துவக்குச் செய்த கம்பனியிடமே பிடி வாங்கினால், அந்த விலைக்கு இன்னொரு பழைய துவக்கே வாங்கலாம். வேறு ஆட்கள் செய்கிற பிடிகளும் இருக்கிறதாம். எதையும் மலிவாகப் பிடிக்கிற ஆள் நீங்கள். ஒன்று தேடித் தாருங்கள்.

ஒக்டோபரில் மூஸ் வேட்டை தொடங்குகிறது. மூஸ் எங்களுடைய ஊர் மரைமானைப் போல மூன்று மடங்கு. ஒன்று விழுந்தால் அக்னெசுக்குப் பங்கு கொடுத்தாலும் எங்கள் பிரீசர் நிறையும். உங்களுக்கு வியாபாரக் கணக்கில் சொன்னால்தான் விளங்கும்: பிரீசர் நிறைந்தால் நாங்கள் இங்கேயே இருப்போம். நிறையாவிட்டால் உங்கள் வீட்டுக்கு வருகிறோம்.

அண்ணியையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தங்கச்சி
இந்திரா


மொன்றியல்
யூலை 13

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம். சூடு பிடித்தேன், கேட்கவில்லை. அங்கே நுளம்பு எப்படி?

உன் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. ஒப்பந்தம் சரி. இனி ஒக்டோபர்வரை வீட்டுக் கதை எடுக்கமாட்டேன். மச்சானுக்குக் குறி தப்பவேண்டும் என்று வேண்டிக்கொண்டாலும் பிடியை ஒழுங்காகத் தேடித் தருவேன். பொருளில் ஏமாற்றுவது என் பழக்கமில்லை.

புவாண்ட்-கிளேர் பக்கம் ஒரு வேட்டைக் கடைக்குப் போனேன். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து கடல் கடந்து வந்தவன், துவக்குக் கடையில் முறைக்குக் காத்து நிற்கிறேன். கடைக்காரன் ‘போன்ஜூர்’ என்றுவிட்டு என் சப்பாத்திலிருந்து தொப்பிவரை பார்த்தான். மூன்று வகை எடுத்துப் போட்டான். பிளாஸ்டிக்கில் வார்த்தது மலிவு. மழைக்கு ஊதாது. தட்டிப் பார்த்தேன், வெறும் தகரப் பேணி போலச் சத்தம். முன்பக்கத்தைக் கையால் அமத்த வளைந்தது. வளைந்து குழாயில் தொட்டால் குறி போய்விடும் என்று அவனே ஒத்துக்கொண்டான். இரண்டாவது, மெல்லிய மரத்தகடுகளை ஒட்டி அழுத்திச் செய்தது. உறுதி, ஆனால் நல்ல பாரம். மூன்றாவது வால்நட் மரம். பார்த்தால் கலியாண வீட்டுக் கதிரை மாதிரி. அந்தப் பளபளப்புக்குத்தான் காசு.

நான் கேட்டேன், “புதுப்பிடி போடுற ஆக்கள் கழட்டின பழசை என்ன செய்வினம்?”

அவன் சிரித்தான். “நீங்கள் என்ன வியாபாரம்?”

“அரிசி, பருப்பு.”

“வாங்கோ, பின்னறைக்குப் போவம்.”

அவன் பிரெஞ்சிலும் நான் ஆங்கிலத்திலும் கதைத்தது இது. பின்னறையில் கழற்றின பிடிகள் விறகு போல அடுக்கிக் கிடக்கின்றன. கம்பனிப் பிடிகள், குறைந்த விலை. நமக்கு அதுதான் சரி. குழாயில் வெட்டியிருக்கும் பெயரையும் எண்ணையும் அப்படியே எழுது. ஒரே பெயரில் குட்டை உடம்பு, நீள உடம்பு என்று இரண்டு வருமாம், மாறினால் உட்காராது. விசையிலிருந்து பிடியின் அடிவரை எத்தனை அங்குலம் வேண்டும், எந்தத் தோள், இதையும் எழுது. சட்டை தைக்கிற மாதிரித்தான், ஆளுக்கு அளவு.

அன்புடன்,
அண்ணன்


சென்னத்தேர்
ஓகஸ்ட் 17

அன்புள்ள அண்ணைக்கு,

பதில் பிந்திவிட்டது, கோபிக்க வேண்டாம். அக்னெசோடு வல்-டோர் ரவுனுக்கு ஒரு வகுப்புக்குப் போய் வந்தேன். எல்லாம் பிரெஞ்சில். தலை வெடித்தது. நுளம்பு குறைந்துவிட்டது.

குழாயில் உள்ள எழுத்தை ஒரு தாளில் பார்த்து எழுதி இதற்குள் வைத்திருக்கிறேன். அது குட்டை உடம்புதான் என்று அக்னெஸ் சொல்கிறாள். விசையிலிருந்து அடிவரை பன்னிரண்டரை அங்குலம் வேண்டும். குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு அளந்தது. வலது தோள். அடியில் தடித்த இறப்பர் இருந்தால் நல்லது.

இவர் பின்னேரங்களில் ஏரியைப் பார்த்துக்கொண்டு வாசலில் இருக்கிறார். தேத்தண்ணியை இப்போது அரைக் கோப்பைதான் ஊற்றிக் கொடுக்கிறேன். அது போதுமாம்.

உங்கள் உடம்பைப் பாருங்கள்.

தங்கச்சி
இந்திரா


மொன்றியல்
ஓகஸ்ட் 26

அன்புத் தங்கச்சிக்கு,

எல்லாரும் சுகம். முழங்காலுக்கு ஒரு பட்டி வாங்கிப் போட்டிருக்கிறேன், பரவாயில்லை.

உன் அளவைப் பார்த்து நல்லம்மாவிடம் காட்டிச் சிரித்தேன். பன்னிரண்டரை! நாடாவைத் தலைகீழாகப் பிடித்து அளந்தாயா? மச்சான் ஆறடி ஆள். மட்டக்களப்பிலிருந்து வந்த மாப்பிள்ளைக்குக் கலியாணச் சேட் எடுத்தவன் நான். அப்போது ஞாயிறு சந்தையில் மேசை போட்டுச் சேட் விற்றுக்கொண்டிருந்தேன், நினைவிருக்கும். அவருடைய கை அளவுக்கு என்னிடம் சேட் இருக்கவில்லை, இன்னொருவனிடம் வாங்கித்தான் கொடுத்தேன். அந்தக் கைக்குப் பன்னிரண்டரை அங்குலப் பிடி கொடுத்தால், சுடும்போது பெருவிரல் மூக்கை உடைக்கும்.

ஆகவே உன் அளவை விட்டுவிட்டு என் அளவில் வாங்கினேன். பதினாலு அங்குலம், வால்நட், ஒரு கீறல்கூட இல்லை. எவனோ பிளாஸ்டிக் மோகத்தில் கழற்றி எறிந்தது. பிளாஸ்டிக் விலைக்கே வால்நட்டைப் பிடித்துவிட்டேன். கடைசியில் கடைக்காரன் சொன்னான், “இந்த விலைக்குத் தந்தால் திருப்பி எடுக்கமாட்டன்.”

“திருப்பித் தர எனக்கென்ன விசரா?” என்றேன்.

பஸ் பார்சலில் போட்டிருக்கிறேன். மச்சான் தோளில் வைத்துப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று எழுது.

அன்புடன்,
அண்ணன்


சென்னத்தேர்
செப்டெம்பர் 12

அன்புள்ள அண்ணைக்கு,

நீங்களும் அண்ணியும் சுகம்தானே.

பிடி வந்தது. நல்ல மரம். திருகாணி இரண்டும் சரியாகப் பொருந்தின. நீளம்தான் சரியில்லை. நான் பன்னிரண்டரை என்றுதான் எழுதினேன். அடி தோளுக்குள் நிற்கவில்லை, கைச்சந்துக்கு வழுக்கிப் போகிறது. கன்னமும் எட்டுதில்லை. நேற்று அக்னெசோடு மண்கிடங்குக்குப் போய் நாலு வெடி வைத்துப் பார்த்ததில் தோள் கன்றிப் போய், நல்லெண்ணெய் பூசிக்கொண்டு இருக்கிறது. அரிந்து தருகிறேன் என்று அக்னெஸ் வாளோடு வந்தாள். உங்கள் காசையும் நல்ல மரத்தையும் அரிய மனம் வரவில்லை.

அண்ணியிடம் ஒன்று சொல்லுங்கள். இந்த வருடம் நான் கேதாரகௌரி விரதம் பிடிக்கவில்லை. இருபத்தொரு நாளும் வேட்டை நாட்களோடு சேர்ந்து வருகிறது.

தங்கச்சி
இந்திரா


மொன்றியல்
செப்டெம்பர் 17

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம். உன் தோள் எப்படி?

உன் கடிதத்தை நல்லம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் மா அரித்துக்கொண்டு நின்றவள், அரிதட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

“தோள் கண்டிப்போச்சாம் எண்டால், ஆற்றை தோள்?”

“மச்சான்ரையாத்தான் இருக்கும்.”

“கடிதத்தில மச்சானைப் பற்றி ஒரு சொல் இருக்கே? திருப்பிப் பாருங்கோ.”

பார்த்தேன். இல்லை. உன் கடிதத்தில் அவரைப் பற்றி ஒன்றுமே இல்லாதது இதுதான் முதல் தடவை.

“ஒப்பரேசன் செய்து ஆஸ்பத்திரிக் கட்டில்ல கிடந்தபோதும் புருசனுக்காகக் கௌரிக் காப்புக் கட்டினவள் அவள்,” என்றாள் நல்லம்மா. “வேட்டைக்குப் போறது மச்சான் எண்டால் இவள் ஏன் விரதத்தை விடுறாள்?”

பிறகு விளக்குமாற்றை எடுத்துத் துவக்கு மாதிரித் தோளில் வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். நீயும் அவளும் ஒரே உயரம், ஒரே சட்டையை மாறி மாறிப் போட்டவர்கள். குளிர்ச்சட்டையையும் போடவைத்து அளந்தேன். பன்னிரண்டரை.

நீ நாடாவைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறாய். துவக்குப் பிடிக்கப் போவது நீ. ஏன் என்று நான் கேட்கவில்லை. சொல்லத் தோன்றும்போது சொல்.

அடுத்த நாளே கடைக்குப் போனேன். என்னைக் கண்டதும் கடைக்காரன் இரண்டு கையையும் உயர்த்தி, “திருப்பி எடுக்கமாட்டன்!” என்றான்.

“ஆர் திருப்ப வந்தது? வாங்க வந்தனான். சின்ன ஆளுக்கு ஒண்டு காட்டு.”

பிள்ளைகள் வளர்ந்ததும் கழற்றிப் போட்ட குட்டைப் பிடிகள் நிறையக் கிடந்தன. ஒட்டுத்தகட்டு மரத்தில் ஒன்று எடுத்தேன். பாரம்தான், ஆனால் பாரம் வெடியின் அடியைத் தான் வாங்கிக்கொள்ளும், உன் தோளுக்கு மிச்சம் குறையும். அடியில் தடித்த இறப்பர் போடச் சொன்னேன். இறப்பரோடு சேர்த்துப் பன்னிரண்டரை, நானே நாடா பிடித்துப் பார்த்தேன். இந்த முறை விலை பேசவில்லை. கடைக்காரன் எனக்குச் சுகமில்லையோ என்று கேட்டான்.

ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். வீடு காத்திருக்கிறது.

அன்புடன்,
அண்ணன்


சென்னத்தேர்
செப்டெம்பர் 28

அன்புள்ள அண்ணைக்கு,

தோள் சுகம். புதுப்பிடி வந்த அன்றே மாற்றினோம். கண்ணை மூடிக்கொண்டு தோளில் வைத்துவிட்டுத் திறந்தால், குறிக்குழாய் கண்ணுக்கு நேரே நிற்கிறது. அக்னெஸ் பார்த்துவிட்டு, உன் அண்ணன் அரிசிக்கடையை விட்டுவிட்டு இந்தத் தொழிலுக்கு வரட்டும் என்றாள்.

இனி ஒளிக்க ஒன்றுமில்லை. இவருக்கு மாசி மாதத்திலிருந்து கை நடுங்குகிறது. முதலில் வலது கை, இப்போது இரண்டும். நரம்பு வருத்தம், மாறாது, மருந்தால் மெதுவாக்கலாம் என்று வல்-டோர் டொக்டர் சொன்னார். துவக்கு வாகனத்திலிருந்து விழவில்லை அண்ணை. இவருடைய கையிலிருந்து கல்லில் விழுந்தது. தேத்தண்ணி அரைக் கோப்பை ஊற்றுவது சிந்தாமல் இருக்க. வல்-டோரில் நான் படித்தது துவக்கு லைசென்சுக்கும் வேட்டைக்குமான வகுப்பு. இங்கே ஒரு மூஸுக்கு இரண்டு பேருடைய அனுமதிச் சீட்டு வேண்டும். ஒன்று அக்னெசுடையது, மற்றது என்னுடையது.

போனில் கதைத்தால் என் குரலில் பிடித்துவிடுவீர்கள். அதனால்தான் சிக்னல் இல்லை என்றேன். சிக்னல் நல்லாகவே இருக்கிறது.

உங்களுக்குச் சொல்லலாமா என்று ஒருநாள் இவரிடம் கேட்டேன். “செல்லாத புள்ள,” என்றார். “செல்லினா உங்கட அண்ணன் நாளைக்கே லொறியோட வந்து நிப்பார். அங்க மூணு மாடிக்கு நடுவில ஜன்னலால என்னத்தைப் பாக்கிற? இஞ்ச நடுங்கினா ஏரிதான் பாக்குது. அது ஒருத்தருக்கும் செல்லாது.”

விரதம் இவருக்காகப் பிடிப்பது. இந்த வருடம் இவருக்காகத் துவக்குப் பிடிக்கிறேன். அம்மன் கணக்கில் எப்படிப் போட்டாலும் சரி.

தங்கச்சி
இந்திரா


சென்னத்தேர்
ஒக்டோபர் 19

அன்புள்ள அண்ணைக்கு,

என் கடைசிக் கடிதத்துக்கு உங்களிடமிருந்து பதில் இல்லை. கோபம் என்று நினைக்கிறேன். சுகமாக இருந்தால் போதும்.

வேட்டை முடிந்துவிட்டது. கடைசி நாள் பின்னேரம் வரை ஒன்றும் வரவில்லை. அக்னெஸ் ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்தாள். நானும் இவரும் இந்தப் பக்கம், விழுந்த மரத்துக்குப் பின்னால். மரப்பட்டையில் செய்த குழலை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இவர் பெண் மூஸ் மாதிரிக் கூப்பிட்டார். கைதான் நடுங்குகிறது. குரல் நடுங்கவில்லை. எனக்கே திரும்பிப் பார்க்கத் தோன்றியது.

வந்தது அண்ணை. கிளைகளை முறித்துக்கொண்டு நடந்து வந்து, பற்றைக்கு அந்தப் பக்கம் நின்றது. அரிசிக்கடைக் கதவளவு கொம்பு. கன்னம் பிடியில் உட்கார்ந்தது, விரல் விசையில் இருந்தது. ஆனால் பாதி உடம்பு பற்றைக்குள், வெளிச்சமும் போய்க்கொண்டிருந்தது. காயப்பட்டு ஓடினால் இருட்டில் தேடமுடியாது, இரவு முழுக்க நோகக் கிடந்து சாகும். பொறுத்தேன். அது ஒரு அடி முன்னுக்கு வைக்கும் என்று பார்த்தேன். வைக்கவில்லை. விரலை எடுத்துவிட்டேன். அது இவர் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

“சுடல்லயா புள்ள?”

“இல்லை.”

“நல்லதுதான். என்ட குரல நம்பி வந்த முதல் ஆம்பிள,” என்றார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். மாசிக்குப் பிறகு இவர் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை. நானும் துவக்கை வைத்துவிட்டு இருந்து சிரித்தேன்.

அக்னெசுக்கும் ஒன்றும் விழவில்லை. பிரீசர் வெறுமை. சொன்ன சொல்லை மாற்றமாட்டேன். மாதக் கடைசியில் வருகிறோம், வீட்டைத் துப்புரவாக்கி வையுங்கள். இவருக்குத் தெரியும். கதிரையை ஏரிக்கு இன்னும் கொஞ்சம் கிட்டப் போட்டுக்கொண்டார்.

தங்கச்சி
இந்திரா


மொன்றியல்
ஒக்டோபர் 24

அன்புத் தங்கச்சிக்கு,

இந்தக் கடிதம் பெட்டிகளோடு வருகிறது. முதலில் பெட்டிகளை உடைத்து இறைச்சியைப் பிரீசரில் அடுக்கு. பிறகு வாசி. சுகம் விசாரிப்பதும் அதற்குப் பிறகு.

அடுக்கிவிட்டாயா? ஒரு முழு ஆடு, துண்டு போட்டது. கோழி. மச்சானுக்குப் பிடித்த அறக்குளா மீன். மூடி மூடாவிட்டால் மிச்சத்தை அக்னெசுக்குக் கொடு. வடக்கே போகிற குளிர் லொறிக்காரன் எனக்குக் கடமைப்பட்டவன், அவனுக்கு ஒன்றும் கொடுக்காதே, தேத்தண்ணி மட்டும் கொடு. முழுக் கோப்பை.

இனி ஒப்பந்தம். உன் யூன் மாதக் கடிதம் முன்னால் இருக்கிறது. ‘பிரீசர் நிறைந்தால் நாங்கள் இங்கேயே இருப்போம்’ என்று உன் கையெழுத்தில் எழுதியிருக்கிறாய். எதனால் நிறையவேண்டும் என்று எழுதவில்லை. வியாபாரத்தில் இதைக் கவனித்து எழுதவேண்டும் தங்கச்சி. பிரீசர் நிறைந்துவிட்டது. ஆகவே நீங்கள் அங்கேதான் இருக்கவேண்டும். வேறு வழியுமில்லை. கீழ்த்தட்டு வீட்டில் இப்போது திருகோணமலைக் குடும்பம் ஒன்று இருக்கிறது. மச்சான் ஏரியைப் பற்றிச் சொன்னதை நீ எழுதியிருந்தாய், அதை வாசித்த அன்றே வாடகைக்குக் கொடுத்துவிட்டேன். அதனால்தான் பதில் எழுதவில்லை. வீடு போய்விட்டது என்று தெரிந்தால் நீ வேட்டையை அரை மனதோடு செய்திருப்பாய்.

ஒரு நிபந்தனை எனக்கும் இருக்கிறது. நரம்பு டொக்டரில் பெரியவர் ஒருவரிடம் மொன்றியலில் நாள் எடுத்திருக்கிறேன். தைமாதம் ரயிலில் வருகிறீர்கள், என் வீட்டில் ஒரு கிழமை நிற்கிறீர்கள், திரும்பிப் போகிறீர்கள். இதில் பேரம் இல்லை.

நல்லம்மா இந்த முறை உனக்கும் சேர்த்து விரதம் பிடித்தாள். மச்சானுடைய பெயர் சொல்லிக் கோயிலில் வாங்கின காப்பு நூல் இரண்டும் உறைக்குள் இருக்கிறது. அவருடையதை வலது கையில் கட்டிவிடு. நடுங்கினால் அக்னெஸ் பிடித்துக்கொள்ளட்டும். காப்பென்றால் என்னவென்று அவளுக்கும் விளங்கப்படுத்து.

அந்தப் பதினாலு அங்குல வால்நட் பிடியை விற்றுவிடாதே. இரண்டு திருகாணி கழற்றினால் மாறும்தானே. நேற்று நல்லம்மா என்னையும் விளக்குமாற்றோடு கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி அளந்தாள். குளிர்ச்சட்டையோடு பதின்மூன்றே முக்கால். குளிர்ச்சட்டையை விட்டுவிட்டு மெல்லிசாக ஒன்று போட்டால் சரிவரும். மாசியில் இங்கே வேட்டை வகுப்புத் தொடங்குகிறது, பெயர் கொடுத்துவிட்டேன். வகுப்புப் பிரெஞ்சில்தானாம். எனக்கும் தலை வெடிக்கட்டும்.

மச்சானிடம் சொல், அடுத்த ஒக்டோபருக்குக் குரலைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி.

அன்புடன்,
அண்ணன்